கார்ப்பரேஷனில் 'ர' எப்படி வந்தது?

நீதிமன்றச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் 'ஹேபியஸ் கார்ப்பஸ்' மனுவுக்கும், தெருமுனையில் வந்து நிற்கும் கார்ப்பரேஷன் தண்ணீர் லாரிக்கும் தூரத்து உறவு உண்டு. இரண்டுக்குள்ளும் இருப்பது உடலைக் குறிக்கும் ஒரே லத்தீன் சொல்தான். அங்கே கார்ப்பஸ், இங்கே கார்ப்பர். இந்த 'ர' எங்கிருந்து முளைத்தது?

லத்தீன் அகராதியில் விடை தலைச்சொல்லை ஒட்டியே கிடக்கிறது: 'கோர்புஸ், கோர்போரிஸ்', பிறகு பாலைக் காட்டும் ஓரெழுத்துக் குறிப்பு. முதலாவது எழுவாய் வடிவம். இரண்டாவது ஆறாம் வேற்றுமை, அதாவது 'உடலினுடைய'. அதன் கடைசி 'இஸ்'ஸைக் கழித்தால் எஞ்சும் 'கோர்போர்' என்பதே சொல்லின் அடி. மற்ற வேற்றுமைகள் பெரும்பாலும் அதன்மேல்தான் ஏறுகின்றன. கார்ப்பரேஷனும் அதிலிருந்து வந்ததுதான்.

எழுவாயை மட்டும் நம்பினால் ஏமாற வேண்டியதுதான். ஓநாய் 'லுபுஸ்', கை 'மனுஸ்', உடல் 'கோர்புஸ்'. மூன்றும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் தெரிகின்றன. ஆறாம் வேற்றுமைக்கு வந்ததும் சாயம் வெளுக்கிறது: லுபீ, மனூஸ், கோர்போரிஸ். லத்தீன் பெயர்ச்சொற்களில் 5 வகுப்புகள். ஆய், ஈ, இஸ், ஊஸ், ஏயீ என்று ஒவ்வொன்றுக்கும் ஆறாம் வேற்றுமை ஒருமையில் தனி ஈறு. எட்டு வேற்றுமை கற்ற தமிழருக்கு இதில் மிரள ஒன்றுமில்லை. (உருபு மட்டும் தனியே ஓடுகிற வேடிக்கையும் உண்டு. 'எல்லாருக்கும்' என்று பொருள்படும் 'ஒம்னிபுஸ்' தேய்ந்துதான் பஸ் ஆனது. தினமும் ஜனங்கள் ஏறிப் போவது ஒரு நான்காம் வேற்றுமை ஈற்றில்.)

இரண்டாவது வடிவம் வீண் சுமை என்று முதல் சொல்லை மட்டும் உருப்போடும் மாணவர்கள் உண்டு. தவறு அவர்களுடையது மட்டுமல்ல. 1879-இல் வெளிவந்த லூயிஸ்-ஷார்ட் போன்ற பேரகராதிகள் இடத்தை மிச்சம் பிடிக்க இரண்டாம் வடிவத்தின் வாலை மட்டும் அச்சிடுவது வழக்கம். அறிந்தவருக்கு 'ஓரிஸ்' போதும். புதியவர் அதை எங்கே ஒட்டுவார்? பயணத்தைக் குறிக்கும் 'இதெர்', 'இதினெரிஸ்' ஆவதை வாலைப் பார்த்து ஊகிக்கவே முடியாது. தொடக்கநிலைப் புத்தகங்களாவது இரண்டையும் முழுதாக அச்சிட வேண்டும்.

தலைச்சொல்லோடு இரண்டாம் வடிவத்தையும் தரும் இந்த வழக்கத்தைத் தமிழுக்கும் கடன் வாங்கினால் என்ன? தரங்கம்பாடியில் இருந்த சீகன்பால்கு ஐரோப்பியருக்காக எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது. அது எழுதப்பட்ட மொழியே லத்தீன்தான். 300 ஆண்டுகளுக்குப் பிறகும், தமிழ் கற்க வரும் அந்நியர் அகராதியில் 'மரம்' என்பதைப் பார்த்துவிட்டு 'மரமை' என்கிறார். 'மரத்தை' என்று சொல்லித்தர அந்தப் பக்கத்தில் ஆளில்லை. 'ஆறு' இன்னும் பொல்லாதது. நதியானால் 'ஆற்றால்'. எண்ணானால் வகுப்பறையில் கேட்பது 'ஆறால் வகு'. கணக்கு வாத்தியார் அப்படிச் சொல்லும்போது எந்தத் தமிழ்ப் பிள்ளையும் நதியை நினைப்பதில்லை. வெளியூர்க்காரருக்கோ இரண்டும் ஒரே தலைச்சொல். அயலாருக்கான அகராதியில் 'ஆறு, ஆற்றை' என ஒரு வரியும் 'ஆறு, ஆறை' என மறுவரியும் போட எவ்வளவு மை செலவாகும்?