அறுவைக்குப் பின் வரும் அனல்

கர்ப்பப்பையை எடுத்துவிட்ட பெண் ஒருத்தி, தையல் ஆறி, வீட்டு வேலைகளில் மெல்லக் கைவைத்து, ஆண்டுக்கணக்காகத் தன்னை வாட்டிய உதிரப்போக்கு ஒழிந்ததென்று ஆறுதலடைந்திருக்கும் வேளையில், திடீரென்று நெஞ்சிலிருந்து ஓர் அனல் கிளம்பிக் கழுத்துக்கும் முகத்துக்கும் ஏறி, சில நிமிஷங்களில் சரீரமெல்லாம் வியர்வையில் நனைந்து, பிறகு குளிரெடுத்து அடங்குமானால், அவள் அஞ்சுவதும், பிறரிடம் சொல்ல நாணுவதும் இயல்பே. உஷ்ண உடம்பு என்று சொல்லி வீட்டார் மோரும் இளநீரும் கொடுக்கிறார்கள். எல்லாருக்கும் வருவதுதான், பொறுத்துக்கொள் என்று மூத்தவர்கள் தேற்றுகிறார்கள். மோராலும் இளநீராலும் தீங்கில்லை. ஆனால், காரணம் இன்னதென்று அறியப்பட்டு, தக்க சிகிச்சையும் கைவசம் இருக்கும் ஓர் உபாதையை, பல ஆண்டுகள் நீடிக்கக்கூடியது என்று தெரிந்தும், பொறுத்துக்கொள்ளச் சொல்வது நியாயமன்று.

கர்ப்பப்பை போனதனால் மட்டும் இந்த அனல் வருவதில்லை. அதை எடுத்தால் மாதவிடாய் நிற்கும். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனைச் சுரப்பவையோ ஓவரி எனப்படும் சினைப்பைகள். அவற்றை விட்டுவைத்திருந்தால் சுரப்பு தொடரும், சிலருக்கு இயற்கைக் காலத்துக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே ஓய்ந்துபோனாலும். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்திருந்தாலோ, இயற்கை சிறுகச் சிறுகக் குறைத்திருக்கக்கூடிய ஹார்மோன் ஓரிரு நாளில் வீழ்ந்துவிடுகிறது. அதனால் மூளையில் உடற்சூட்டைக் கண்காணிக்கும் ஹைப்போதலாமஸ் பகுதி, அற்ப வெப்ப மாற்றத்தையும் பெருஞ்சூடெனக் கருதி, ரத்தக்குழாய்களை விரித்து வியர்வையைப் பெருக்குகிறது. ஆகவே முதற்கேள்வி, 'ஓவரியை வைத்தார்களா, எடுத்தார்களா?' என்பதே. அறுவை செய்துகொண்ட பலருக்கு இதற்கு விடை தெரியாதென்பது வருந்தத்தக்கது. டிஸ்சார்ஜ் சம்மரியிலும் பயாப்ஸி அறிக்கையிலும் அது இருக்கும்; அந்தக் காகிதங்களை நகைக்கு நிகராகப் பத்திரப்படுத்த வேண்டும்.

நம் தேசத்தில் இந்த அறுவை சிறிய விஷயமன்று. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு மூவருக்குச் சற்று மேற்பட்டோர் கர்ப்பப்பையை இழந்தவர்கள். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் அது எட்டுக்கும் மேல். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள், மாதவிடாயால் கூலிநாள் தவறக்கூடாதே என்று இந்த அறுவைக்கு உட்பட்ட செய்தி 2019-இல் வெளிவந்தது. அனாவசிய அறுவைகளைத் தடுக்க மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளை மாநிலங்கள் கைக்கொள்ள வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2023-இல் உத்தரவிட்டது. முப்பதுகளிலேயே சினைப்பையையும் இழப்பவளுக்கு அனலோடு எலும்புத் தேய்மானமும் இருதய நோயும் முன்கூட்டியே வரக்கூடும். ஆதலால், தடையேதும் இல்லாவிடில், இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயதுவரையேனும் ஈஸ்ட்ரோஜன் தருவதே மருத்துவ சாஸ்திரத்தின் பொதுவான அபிப்பிராயம்.

ஹார்மோன் என்றதும் புற்றுநோய் என்று அஞ்சுகிறவர்கள் ஏராளம். அமெரிக்காவில் நடந்த பெரும் பரிசோதனையொன்று, மார்பகப் புற்றுநோய் அதிகரிப்பதாகக் கண்டு 2002-இல் நடுவில் நிறுத்தப்பட்டதிலிருந்து பரவிய அச்சம் அது. ஆனால் அங்கே நிறுத்தப்பட்டது ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் கலந்த மருந்து; கர்ப்பப்பையின் உட்சுவரைக் காப்பதற்காகவே இரண்டாவது சேர்க்கப்படுகிறது. கர்ப்பப்பை இல்லாத பெண்கள் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு நடந்த அதன் இன்னொரு பகுதியில் ஈஸ்ட்ரோஜன் தனியாகப் பரிசோதிக்கப்பட்டது. பக்கவாத அபாயம் சற்றே கூடியதால் 2004-இல் அதுவும் நின்றதெனினும், மார்பகப் புற்றுநோய் அதில் அதிகரிக்கவில்லை. தோலில் தடவும் ஜெல்லோ ஒட்டும் பட்டையோ, மாத்திரையைவிட ரத்தக்கட்டு அபாயம் குறைந்தது. மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக்கட்டு, கடும் ஈரல் நோய் உற்றவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் பொதுவாக ஆகாது. கர்ப்பப்பையின் உட்சுவர்த் திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸுக்காக அறுவை செய்துகொண்டவர்களுக்கு மருத்துவர் வேறுவிதமாக யோசிக்க நேரலாம்.

ஹார்மோன் ஆகாதவர்களும் நிராதரவாக இல்லை. வென்லாஃபாக்ஸின், காபாபென்டின் போன்ற மருந்துகள் அனலைக் குறைக்கின்றன. வென்லாஃபாக்ஸின் மனச்சோர்வுக்கான மாத்திரையாயிற்றே என்று திடுக்கிட வேண்டாம். மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் உட்கொள்பவர்கள், அனலுக்குத் தரப்படும் பராக்ஸிடினைத் தவிர்க்க வேண்டும். சிந்தனைப் பழக்கத்தைச் சீர்படுத்தும் உளவியல் சிகிச்சையும், மிகுந்த எடையைக் குறைப்பதும் பயன் தருகின்றன. பருத்திப் புடவையும் மின்விசிறியும் சௌகரியம் அளிக்கும், குணமாக்கா. மூலிகைக் குளிகைகளுக்கும் சோயாவுக்கும் போதிய ஆதாரமில்லை. இரவு வியர்வையோடு காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்தால் காசநோயையும், படபடப்பும் கைநடுக்கமும் சேர்ந்தால் தைராய்டையும் பரிசோதிப்பது அவசியம்.

அறுவைக்குக் கையெழுத்து வாங்கும்போதே, சினைப்பைகளை எடுக்கப்போகிறோமா, ஏன், அதற்குப் பிறகு என்னென்ன வரும் என்பதைத் தாய்மொழியில் எடுத்துரைப்பது சிகிச்சையின் ஓர் அங்கமென்று மருத்துவர்கள் கருத வேண்டும். கணவன்மார்களே, பிள்ளைகளே, உங்கள் வீட்டில் நள்ளிரவில் வியர்த்து எழுந்து உட்காருகிறவள் இருந்தால், அந்தப் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு, இந்த வாரமே அவளோடு மகளிர் நோய் மருத்துவரிடம் செல்லுங்கள்.