1,30,000 கிலோமீட்டர் ஓடின கார்: பயப்பட வேண்டியது மீட்டருக்கு இல்ல

வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆனவங்க என்கிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி இது: “ஒரு சின்ன பெட்ரோல் கார் 1,60,000 ரூபாய்க்கு வருது. 2013 மாடல், 1,30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. எடுக்கலாமா, வேண்டாமா?”

வீட்டுல அப்பா, “பழைய வண்டி செலவு வைக்கும்பா, புதுசா எடு, மாசாமாசம் கட்டிக்கலாம்” என்பார். ஆபீஸ் நண்பர், “இன்ஜின் சூப்பரா இருக்குடா, இன்னும் ஒரு லட்சம் ஓடும்” என்பார். ரெண்டு பேரும் காரைப் பார்த்துப் பேசுறாங்க. நான் உங்க பேங்க் பேலன்ஸைப் பார்த்துப் பேசுறேன்.

என் கருத்து இதுதான்: அதிகம் ஓடின காரை வாங்கலாம், தப்பே இல்ல. ஆனா கடன் வாங்கி வாங்கக் கூடாது. மீட்டர்ல இருக்கிற கிலோமீட்டர் உங்களைக் கவுக்காது. வாங்கின அடுத்த மாசம் கிளட்ச் போகும்போது கையில காசு இல்லாம நிக்கிறதுதான் கவுக்கும்.

விலை வேற, செலவு வேற

மேலே சொன்ன காரையே எடுத்துப்போம். இதுல வர்ற எண்கள் கணக்கு புரியறதுக்காக நான் வெச்சது. உங்க காருக்கு ஏத்த மாதிரி மாத்திக்குங்க.

காரோட விலை 1,60,000. பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 8,000. வாங்கின உடனே பார்க்க வேண்டிய வேலை (டயர், பேட்டரி, கிளட்ச், சஸ்பென்ஷன், ஆயில் சர்வீஸ்) 40,000. மூணு வருஷம் வெச்சிருக்கப் போறீங்க. வருஷத்துக்குப் பராமரிப்பும் இன்சூரன்ஸும் 25,000 வீதம் 75,000. நடுவுல ஆர்.சி. புதுப்பிக்க, அதுக்கான டிங்கரிங் வேலை பார்க்க 10,000. மொத்தம் 2,93,000. மூணு வருஷம் கழிச்சு 70,000-க்கு வித்தா, நிகரச் செலவு 2,23,000. அதாவது மாசம் சுமார் 6,200.

இது கார் வாசல்ல சும்மா நின்னாலும் ஆகிற செலவு. மாசம் 500 கிலோமீட்டர் ஓட்டினா, லிட்டருக்கு 15 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய்னு வெச்சாலும் இன்னொரு 3,300. ஆகமொத்தம் 9,500. கிலோமீட்டருக்கு 19 ரூபாய்.

இப்போ உங்களைக் கேளுங்க. கோரிப்பாளையத்துல இருந்து வடபழஞ்சி ஐ.டி. பார்க்குக்கு பைக்ல போறீங்க. கார் தேவைப்படுறது எப்போ? அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக, மாசத்துல ஒரு தடவை ஊருக்கு, எப்பவாவது அழகர்கோயிலுக்கு. இந்த நாலு டிரிப்புக்கு கால் டாக்ஸி 4,000-ல முடிஞ்சிடும்னா கார் வேண்டாம். வீட்டுல குழந்தை இருக்கு, நடக்க முடியாத பெரியவங்க இருக்காங்க, ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வரணும்னா கணக்கு மாறும். அப்போ வாங்குங்க.

கடன் எங்கே கவுக்குது

இவ்வளவு பழைய காருக்கு பேங்க்ல கார் லோன் கிடைக்கிறது கஷ்டம். அதனால பலரும் பர்சனல் லோனுக்குப் போறாங்க. 1,60,000-ஐ 15 சதவீத வட்டிக்கு மூணு வருஷத்துக்கு எடுத்தா மாசத் தவணை சுமார் 5,550. மொத்த வட்டி கிட்டத்தட்ட 40,000.

அந்த 40,000-ஐ மறுபடி பாருங்க. முதல் ரிப்பேருக்கு நாம ஒதுக்கின அதே தொகை. காருக்குப் போக வேண்டிய பணம் வட்டிக்குப் போயிடுது. கார் ஒர்க்‌ஷாப்ல நிக்கும், தவணை மட்டும் 5-ம் தேதி தவறாம போகும். ரிப்பேருக்கு கிரெடிட் கார்டைத் தேய்ப்பீங்க. 35,000 சம்பளக்காரருக்கு ரெண்டு வருஷ சேமிப்பு இப்படித்தான் காலியாகும்.

“அப்போ புதுசே எடுத்துடலாமே” என்பவங்களுக்கும் ஒரு கணக்கு. 5 லட்சம் லோன், 9.5 சதவீதம், 7 வருஷம்: மாசம் சுமார் 8,170. வட்டி மட்டும் 1,86,000. கல்யாணம், வீட்டு அட்வான்ஸ், வேலை மாற்றம்னு எல்லாமே வரக்கூடிய வயசுல 84 மாசம் கையைக் கட்டிப் போடுற முடிவு அது. பழைய காரைப் பிடிக்கலைன்னா வித்துட்டு ஒரு மாசத்துல வெளியே வந்துடலாம். எனக்கு அந்தச் சுதந்திரம் பெருசு.

ஒண்ணு மட்டும் உங்களுக்குச் சாதகம். 2025 செப்டம்பர் 22-லிருந்து சின்ன கார்களோட ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமா குறைஞ்சது, செஸ்ஸும் போயிடுச்சு. புது கார் விலை இறங்கியிருக்கிறதை பேரம் பேசும்போது தயங்காம சொல்லுங்க.

பேப்பர்ல பார்க்க வேண்டியது

முதல்ல ஆர்.சி.யில இருக்கிற தேதி. சொந்த காரோட பதிவு 15 வருஷத்துக்குத்தான். 2013-ல பதிவான கார்னா 2028-ல புதுப்பிக்கணும். அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. 15 வருஷம் தாண்டின காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் முன்னாடி 600 ரூபாய். 2022 ஏப்ரல்ல இருந்து 5,000. பசுமை வரி தனி. தேதி நெருங்கிட்ட கார்னா அந்தச் செலவை விலையில கழிச்சுக் கேளுங்க.

10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் தடைங்கிறது டெல்லி சுற்றுவட்டாரத்துக்கான பிரச்சினை, நம்ம ஊருக்கு இல்ல. ஆனா அங்கிருந்து மலிவா வர்ற காருக்கு இங்கே மறுபதிவு செஞ்சு தமிழ்நாட்டு வரி கட்டணும். அதைச் சேர்த்தா மலிவு காணாமப் போயிடும்.

எம்-பரிவாகன் ஆப்ல வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்க. எத்தனையாவது ஓனர், லோன் பாக்கி இருக்கா, இன்சூரன்ஸ் எப்போ முடியுது, அபராதம் நிக்குதான்னு பார்த்துடணும். லோன் இருந்திருந்தா பேங்க் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கையில வராம பணம் தராதீங்க. பெயர் மாற்றத்துக்கு படிவம் 29, 30. இன்சூரன்ஸை 14 நாளுக்குள்ள உங்க பெயருக்கு மாத்துங்க. பழைய ஓனரோட நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் போட்டா 1000 சிசி வரை 2,094, 1500 சிசி வரை 3,416, ஜி.எஸ்.டி. இருந்தா தனி.

வண்டியில பார்க்க வேண்டியது

மீட்டரைத் திருப்புறது சுலபம், சர்வீஸ் ரெக்கார்டைத் திருப்புறது கஷ்டம். கம்பெனி சர்வீஸ்ல ஒவ்வொரு தடவையும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். 1,30,000 ஓடி ரெக்கார்டு ஒழுங்கா இருக்கிற காரை, “60,000-தான் ஓடியிருக்கு, ஆனா பில் எதுவும் இல்ல” என்கிற காரைவிட நான் நம்புவேன்.

காலையில இன்ஜின் சூடேறாம இருக்கும்போது போய் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. கோரிப்பாளையம் சிக்னல் நெரிசல்ல ஏ.சி. போட்டு ஊர்ந்து போங்க. கிளட்சும் ரேடியேட்டரும் அங்கே உண்மையைச் சொல்லிடும். அப்புறம் ரிங் ரோட்டுல ஓட்டிப் பாருங்க. சீட் பெல்ட்டை முழுசா வெளியே இழுங்க. சேறு, கறை இருந்தா வெள்ளத்துல நின்ன வண்டியா இருக்கலாம். 2015, 2023 சென்னை வெள்ளம் மட்டும் இல்ல, 2024 அக்டோபர்ல நம்ம செல்லூர்ப் பக்கமும் தண்ணி ஏறினது ஞாபகம் இருக்கட்டும்.

இன்னொண்ணு, இப்போ பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய கார்கள்ல சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் சீக்கிரம் மாத்த வேண்டி வரலாம்னு அரசே சொல்லியிருக்கு. மெக்கானிக்கிட்ட அதையும் பார்க்கச் சொல்லுங்க. விக்கிறவரோட மெக்கானிக் வேண்டாம், உங்க ஆளைக் கூட்டிட்டுப் போங்க. அவருக்குக் கொடுக்கிற 1,000 ரூபாய்தான் இந்த வியாபாரத்துல நீங்க செய்ற நல்ல முதலீடு.

என்னோட மூணு விதி

ஒண்ணு: ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதியைத் தொடாம, காரோட விலையும் அதுல கால் பங்கும் ரொக்கமா இருக்கணும். 1,60,000 காருக்கு 2 லட்சம் வேணும். கையில 1,60,000-தான் இருக்குன்னா உங்க பட்ஜெட் 1,28,000.

ரெண்டு: வாங்கின மாசத்துல இருந்து 2,000 ரூபாயைத் தனி ஆர்.டி.யில போடுங்க. அது கார் பணம், வேற எதுக்கும் எடுக்கக் கூடாது.

மூணு: ஒரே ரிப்பேர், காரோட இன்றைய மதிப்புல மூணுல ஒரு பங்கைத் தாண்டினா வித்துடுங்க. “இவ்வளவு செலவு பண்ணிட்டோமே”ன்னு மேலும் மேலும் போடாதீங்க. போன பணம் போனதுதான்.

இந்த மூணுக்கும் சரின்னா, அக்கம்பக்கத்துல யார் என்ன சொன்னாலும் அந்தப் பழைய காரை எடுத்துக்குங்க. முதல் விதியிலேயே இடிக்குதுன்னா இன்னும் எட்டு மாசம் பைக்லயே போங்க. அதுக்குள்ள இதைவிட நல்ல கார் ஒண்ணு விலைக்கு வந்திருக்கும், உங்க கையிலயும் காசு இருக்கும்.