கையில் மணந்த பாயசம்

மூட்டுவலி வந்ததிலிருந்து அம்மா தேக்கா பக்கம் போவதில்லை. பொங்கோலில் ஏறினால் மாறாமல் லிட்டில் இந்தியாவில் இறங்கலாம். ஆனாலும் கூட்டத்தில் நின்று, கேம்பல் லேன் வரை நடந்து, ஒரு சரம் மல்லிகை வாங்கி வருவது அவருக்கு இப்போது பெரிய பயணம்.

அதனால் அவர் பிறந்தநாளுக்கு மல்லிகை செண்ட் வாங்கினேன். கடையில் முன்பே தெளித்து வைத்திருந்த காகிதப் பட்டையை நீட்டினார்கள். முகர்ந்ததும் மதுரைக்கே போய்விட்டேன். விலை 140 வெள்ளி. வலித்தது, வாங்கிவிட்டேன்.

வீட்டில் அம்மாவின் மணிக்கட்டில் அடித்தேன். முதலில் ஆரஞ்சுத்தோல் வாசம். கால்மணி நேரத்தில் மல்லிகை வந்தது. அம்மா முகத்தில் சிரிப்பும் வந்தது. சமையல் முடிவதற்குள், “என்னடி, கையில பாயசத்தைக் கொட்டின மாதிரி இருக்கு?” என்றார். எனக்குச் சப்பென்றாகிவிட்டது.

குறை கடையுடையதல்ல, என் அவசரம். செண்ட் என்பது ஒரே மணம் அல்ல. ஆரஞ்சு, எலுமிச்சை போன்ற லேசான வாசனைகள் உடல் சூட்டில் முதலில் பறந்துவிடும். பிறகு பூ. கடைசிவரை ஒட்டிக்கொண்டிருப்பவை வனிலா, கஸ்தூரி, சந்தனம் போன்ற கனமானவை. வறண்ட தோலில் மணம் சீக்கிரம் போய்விடும். வயதானவர்களுக்குத் தோல் வறண்டுதானே இருக்கும்? அதே செண்ட் என் கையில் மதியம் வரை மல்லிகையாகவே இருந்தது.

பூவின் கதை வேறு. மாலையில் விரியும் மல்லிகை, பறித்த பிறகும் மணத்தைச் செய்துகொண்டே இருக்கும். அதனால்தான் பிரான்சின் கிராஸ் நகரில் அந்தக் காலத்தில் மல்லிகையைக் காய்ச்சாமல், கொழுப்பு தடவிய கண்ணாடியில் பரப்பி மணத்தை வாங்கினார்கள். புட்டிக்குள் இருப்பது அடைத்த அளவுதான், தீர்ந்தால் தீர்ந்தது. இன்னொன்று, அசல் மல்லிகையில் ‘இண்டோல்’ என்ற பொருள் துளியளவு உண்டு. தனியாக முகர்ந்தால் பாச்சை உருண்டை நெடி. பல செண்டுகளில் அதைக் குறைத்துவிடுவதால் மணம் சுத்தமாக இருக்கும், ஆனால் தலையில் வைத்த பூ மாதிரி இருக்காது. அம்மாவை ஏமாற்ற முடியாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

செண்ட் வாங்கப் போகிறவர்கள் காகிதத்தை நம்பாதீர்கள். மணிக்கட்டில் ஒரு முறை அடித்து, தேய்க்காமல், சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் சுற்றி வாருங்கள். பிறகு முகர்ந்து பார்த்துப் பணத்தை எடுங்கள். பரிசென்றால், முடிந்தால் போட்டுக்கொள்பவரையே அழைத்துப் போங்கள். தோல் வறண்டிருந்தால் வாசனையில்லாத கிரீமை முதலில் தடவலாம்.

அந்தப் புட்டி இப்போது என் அலுவலகப் பையில். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது லிட்டில் இந்தியாவில் இறங்கி, அம்மாவுக்கு ஒரு சரம் வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடிக்கிறேன்.