அம்மம்மா வந்த சனி, ஞாயிறு

"அம்மா, அப்பா வந்து நிக்கினம். பிள்ளையளுக்குத்தான் நேரமில்லை" என்றார் வெள்ளவத்தையில் நான் சந்தித்த ஒரு தாய்.

பினாட்டு, எள்ளுப்பாகுப் பையுடன் யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்தவர்கள் அவர்கள். பேரப்பிள்ளைகளோ இரண்டு நாளும் ரியூசனில். தொலைக்காட்சியின் முன்னே தனித்திருந்த அம்மம்மா, "கோழியள் தனிய நிக்குது" என்று ஞாயிறு இரவே புறப்பட்டுவிட்டார். கோழிகளைப் பார்க்க அயலவர் இருந்தார்கள்.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிக்காமல் அவர்களின் தேவைகளைக் கவனிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. சாப்பாடும் மருந்தும் கொடுத்தால் கடமை முடிந்ததென நினைக்கிறோம். பேச்சுத்துணையும் ஒரு தேவைதானே?

சகோதரிகளே, அடுத்தமுறை அவர்கள் வரும்போது ஒரு வகுப்பையாவது நிறுத்துங்கள். எல்லோரும் சுற்றியிருந்து தாயம் விளையாடுங்கள். அம்மம்மாவோடு பிள்ளைகள் கொழுக்கட்டை பிடிக்கட்டும்; கோணலாக வந்தாலும் பரவாயில்லை. போரில் விட்டுவந்த வீட்டைப் பற்றி அம்மப்பாவிடம் கேட்கட்டும். அந்தப் பாடத்தை எந்த ரியூசனிலும் படிக்க முடியாது. தவறவிட்ட வகுப்பின் கொப்பியை நண்பரிடம் வாங்கி எழுதிக்கொள்ளலாம்.