பிடித்த அணியா, பிடித்துக்கொண்ட அணியா?

மாலை வேளையில் திருப்பரங்குன்றத்துத் தெருக்களில் நடப்போர் ஒன்றைக் கவனித்திருக்கலாம். பள்ளி விட்டு வந்த சிறுவர்கள் காலி மனைகளிலும் கண்மாய்க் கரையோரத்திலும் பந்தை உதைத்துக்கொண்டு ஓடுகின்றனர். ஒருவன் உடலில் அர்ஜென்டினாவின் வெள்ளை நீலப் பட்டைச் சட்டை, மற்றொருவன் பார்சிலோனா, இன்னொருவன் நம் சென்னையின் எஃப்.சி. "இந்த அணி உனக்கு ஏன் பிடிக்கும்?" என்று கேட்டால், அவன் ஒரு வீரரின் பெயரைச் சொல்வான். "அவர் ஓய்வு பெற்றுவிட்டால் அணியை மாற்றிக்கொள்வாயா?" என்றால், "மாட்டேன்" என்று அடித்துச் சொல்வான். ஏன் மாட்டான்? இம்மாதம் அதனைச் சற்றுச் சிந்திப்போம்.

மாடு வாங்குவோர் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றனர். சேலை எடுப்போர் முந்தானையை விரித்துப் பார்க்கின்றனர். ஆனால் ஆயுள் முழுதும் சார்ந்து நிற்கப்போகும் கால்பந்துக் கழகத்தை எவரும் இவ்வாறு சோதித்து எடுப்பதில்லை. வெற்றிக் கணக்கைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதானால், தோற்கும் அணிகளுக்கு ஆதரவாளரே இருக்க மாட்டார்கள் அன்றோ? தாய்மொழி எவ்வாறு நம்மிடம் வந்து சேர்ந்ததோ, அவ்வாறே கழகமும் வந்து சேர்கிறது. அன்புக்குரிய ஒருவரின் அருகில் அமர்ந்திருந்தோம். அவர் மகிழ்ந்தபோது மகிழ்ந்தோம். அவர் தலைகவிழ்ந்தபோது நாமும் கவிழ்ந்தோம். அவ்வளவே.

இதனை நம் நாட்டில் தெளிவாகக் காட்டும் நகரம் கொல்கத்தா. அங்கு 1889இல் தோன்றிய மோகன் பகான் கழகம், 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்னும் ஆங்கிலேயப் படை அணியை 2-1 என்ற கணக்கில் வென்றது. பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடினர். காலணி அணிந்தவர் சுதீர் சட்டர்ஜி என்னும் கிறிஸ்தவர் ஒருவரே. ஆளப்பட்டோர் ஆள்வோரை வென்ற அந்த மாலை, எத்தனையோ குடும்பங்களில் பாட்டன் சொத்தாகவே நிலைத்துவிட்டது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து வேறொரு விதை விழுந்தது. 1920 ஜூலை 28 அன்று மோகன் பகானை எதிர்த்து ஆடிய ஜோராபகான் கழகம், சைலேஷ் போஸ் என்னும் வீரரை அணியில் சேர்க்காமல் விட்டது. அவர் கிழக்கு வங்கத்தைச் சேர்ந்தவர். அக்கழகத்தின் துணைத் தலைவராக இருந்த சுரேஷ் சந்திர சௌதுரி எவ்வளவோ வாதாடியும் பயனில்லாமற் போகவே, வெளியேறினார். சில நாட்களில், ஆகஸ்டு 1 அன்று, ஈஸ்ட் பெங்கால் கழகம் பிறந்தது. பின்னர் 1947இல் நாடு பிரிந்தபோது, கிழக்கிலிருந்து இலட்சக்கணக்கானோர் வீட்டையும் வயலையும் இழந்து கொல்கத்தாவுக்கு வந்தனர். அவர்கள் விட்டு வந்த மண்ணின் பெயர் அந்தக் கழகத்தின் பெயரில் இருந்தது. ஊரை இழந்தவருக்கு அந்தப் பெயரே ஊராயிற்று. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அந்த மண்ணைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆயினும் சிவப்பு, மஞ்சள் கொடியைக் கண்டால் உள்ளம் பொங்குகிறது. இவ்வாறே 1891இல் தோன்றிய முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம், 1934 முதல் 1938 வரை கொல்கத்தா லீக்கைத் தொடர்ந்து ஐந்து முறை வென்று, இஸ்லாமியக் குடும்பங்களின் பெருமிதமாயிற்று.

அடுப்பங்கரை வரையில் இந்தப் பற்று சென்றிருக்கிறது என்றால் வியப்பாக இருக்கும். ஈஸ்ட் பெங்கால் வென்றால் அந்த வீடுகளில் இல்சா மீன் குழம்பு. மோகன் பகான் வென்றால் இந்த வீடுகளில் இறால். ஆட்டத்தைப் பார்த்திராத பிள்ளைக்கும் அன்றைய சோற்றின் மணத்தில் வீட்டின் கழகம் எதுவென்று தெரிந்துவிடும். ஆகவே, கழகத்தைக் கையளிப்பவர் தந்தை மட்டுமல்லர். உலை வைக்கும் தாயும்தான்.

கத்தோலிக்கக் குடும்பங்கள் நன்கறிந்த ஒருவரிடமும் இதனைக் காணலாம். 1908இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரஸ் நகரில், தெருவில் பந்தாடிய சிறுவர்களுக்கு அது ஆபத்து என்று கண்ட லொரென்சோ மாஸ்ஸா என்னும் சலேசியக் குரு, தம் ஆலயத்தை ஒட்டிய திடலை அவர்களுக்குத் திறந்துவிட்டார். சான் லொரென்சோ கழகம் அவ்வாறு பிறந்தது. 1946இல் அக்கழகம் நாட்டின் வாகையர் பட்டம் வென்றபோது, அதன் ஆட்டங்களைக் காணத் தந்தையோடு சென்ற ஒன்பது வயதுச் சிறுவனே பிற்காலத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் ஆனார். அக்கழகத்தின் உறுப்பினர் அட்டை எண் 88235 அவருடையது. 1990இல், இனித் தொலைக்காட்சி பார்ப்பதில்லை என்று அன்னை மரியாவுக்கு நேர்ந்துகொண்டார். அதன்பின் ஆட்டங்களையும் பார்த்ததில்லை. வத்திக்கானில் காவலர் ஒருவர் எழுதி வைக்கும் முடிவுகளைக் கொண்டே தம் கழகத்தின் நிலையை அறிந்துகொண்டார். 2025 ஏப்ரல் 21 அன்று அவர் மறைந்தார். ஆட்டத்தையே பார்க்காமல் முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு கழகத்தை நேசிக்க முடிந்தது எவ்வாறு? 1946இல் அவர் கையைப் பிடித்து அழைத்துச் சென்ற கை அத்தகையது.

எனினும், மரபுரிமையாக வரும் சொத்தில் கடனும் சேர்ந்து வருவதுண்டு. நம் அணியின்மீது அன்பைக் கையளிக்கும்போதே, எதிரணியின்மீது வெறுப்பையும் நாம் அறியாமலே கையளித்துவிடுகிறோம். 1975 செப்டம்பர் 30 அன்று ஐ.எஃப்.ஏ. கேடய இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 5-0 என்று வென்றது. தோல்வியைத் தாளாத மோகன் பகான் ஆதரவாளர் ஓர் இளைஞர், தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். 1980 ஆகஸ்டு 16 அன்று ஈடன் கார்டன்ஸ் அரங்கில் இவ்விரு அணிகளும் மோதியபோது பார்வையாளரிடையே கலவரம் மூண்டு, 16 பேர் மாண்டனர். காலையில் வீட்டில் சொல்லிக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போனவர்கள் அவர்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் கொல்கத்தாவில் கால்பந்து அன்பர்கள் அவர்கள் நினைவாக இரத்ததானம் செய்கின்றனர். சிந்திய இரத்தத்திற்கு இதைவிடத் தக்க பதில் வேறு ஏது?

அந்த நகரமே மற்றொரு பாடத்தையும் தந்தது. 2024 ஆகஸ்டில் அரசு மருத்துவமனை ஒன்றில் இளம் மருத்துவர் ஒருவர் கொடுமைக்குள்ளாகிக் கொல்லப்பட்டார். அந்தக் கொந்தளிப்பில், ஆகஸ்டு 18 அன்று நடக்கவிருந்த மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டம் பாதுகாப்புக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. ஆட்டம் இல்லையென்று ஆதரவாளர்கள் வீட்டில் இருந்துவிடவில்லை. இரு கழகத்தாரும், முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தாரும் அரங்கத்தின் வெளியே ஒன்றாகக் கூடி, அப்பெண்ணுக்கு நீதி கேட்டு நின்றனர். நூறாண்டுப் போட்டியும் பகையாகவே இருந்தாக வேண்டும் என்பதில்லை என்பது அன்று விளங்கிற்று.

இனி நம் பக்கம் வருவோம். மதுரைச் சீமையில் பாட்டன் வழி வந்த கால்பந்துக் கழகம் என்று எத்தனை வீடுகளில் சொல்ல முடியும்? சென்னையின் எஃப்.சி. 2014இல் பிறந்தது, 2015இலும் 2018இலும் இந்தியன் சூப்பர் லீக் வாகை சூடியது. கோயம்புத்தூரைக் களமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. 2019இல் ஐ லீக் பட்டத்தையே வென்றது. ஆனால் சில ஆண்டுகளுக்குள் அந்தப் போட்டியிலிருந்தே மறைந்துவிட்டது. வேரூன்றுமுன் செடி போயிற்று. கன்னியாகுமரிக் கடற்கரையில் நிலைமை வேறு. அங்கே மீனவர் ஊர்களில் கால்பந்து தலைமுறை தலைமுறையாக ஆடப்படுகிறது. இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டியிலிருந்து 2018இல் ஜாம்ஷெட்பூருக்கும் 2019இல் கொல்கத்தாவுக்கும் சென்று ஆடினார். சொந்த ஊர்ப் பிள்ளை ஆடும் கழகத்தைத் தன் கழகமாகக் கொள்வது எளிது. முகம் தெரிந்த அன்பு அது.

நம் தெருக்களில் உள்ள அர்ஜென்டினாப் பற்றும் வேரற்றதன்று. 1986இல் மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பையைத் தூர்தர்ஷன் ஒளிபரப்பியது. தெருவுக்கு ஒன்றிரண்டு பெட்டிகளே இருந்த காலம் அது. மேற்கு ஜெர்மனியை அர்ஜென்டினா 3-2 என்று வென்ற இறுதி ஆட்டம் நம் நேரப்படி நள்ளிரவில் நடந்தது. அயலார் வீட்டுத் திண்ணையில் முண்டியடித்து மரடோனாவைப் பார்த்த சித்தப்பாக்களும் மாமாக்களுமே, இன்று மெஸ்ஸியின் பெயரைச் சொல்லும் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டையை முதலில் வாங்கித் தந்தவர்கள். பிள்ளை வீரரின் பெயரைச் சொல்கிறான். உண்மையில் அவன் தன் மாமாவைச் சொல்கிறான்.

ஆகையால் பெற்றோருக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. இன்று பிள்ளைகள் தனித்தனியே கைபேசியில் ஆட்டம் பார்க்கின்றனர். அவர்களுக்குக் கழகங்கள் ஆயிரம் கிடைக்கும். அருகில் அமர்வதற்கு ஆள்தான் கிடைக்கவில்லை. "என்ன இரைச்சல், அணைத்துவிடு" என்று சொல்லிவிட்டுப் போகாமல், ஒரு பாதி ஆட்டமாவது மகனோடும் மகளோடும் உட்கார்ந்து பாருங்கள். விதி புரியாவிட்டால் அவர்களையே கேளுங்கள். சொல்லித் தருவதில் பிள்ளைகளுக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. எதிரணி நல்ல கோல் போட்டால் நீங்கள் முதலில் கைதட்டுங்கள். அணி தோற்ற இரவில் பிள்ளை சோறு வேண்டாம் என்றால் நகைக்க வேண்டாம். பக்கத்தில் இருந்து உண்ணச் செய்யுங்கள். எந்த அணி வென்றது என்பதைப் பிள்ளைகள் ஒருநாள் மறந்துவிடுவர். அருகில் இருந்தவர் யார் என்பதை மறக்க மாட்டார்கள்.