கள்ளத்தோணி என்ற பெயரும் லயத்துக்கு வரும் பொலிஸும்



கடந்த மாதம் கூடிய எமது மாவட்டக் கமிட்டியில் சம்பள விடயம் முடிந்ததும் போதைப்பொருள் பற்றிய பேச்சு எழுந்தது. எழாமல் இருக்க முடியாது. இன்று எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் தலைவர்மார் முதலில் சொல்வது கொழுந்து நிறுவையைப் பற்றியல்ல, பிள்ளைகளைப் பற்றித்தான். இளம் தலைவர் ஒருவர் எழுந்து, "எல்லாம் கடலால வருது. கள்ளத்தோணிய முழுசா நிப்பாட்டினா சரியாயிரும். அந்த பர்மாக்காரங்கள கரையில எறக்கினதே பிழை" என்றார். கைதட்டலும் கிடைத்தது.

பின்வரிசையில், முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்த அம்மா ஒருவர் இருந்தார். எழும்பாமலே சொன்னார்: "தம்பி, அந்தப் பேர மொதமொதல்ல நமக்குத்தான் வச்சாங்க."

கூட்டம் கொஞ்ச நேரம் பேசவில்லை. அன்று பேசாமல் விட்டதை இங்கே எழுதுகிறோம்.

எமது மூதாதையர் களவாக வந்தவர்கள் அல்லர். தோட்டத்துக்கு ஆள் வேண்டுமென்று துரைமாரும் அரசாங்கமும் கேட்டார்கள், கங்காணி போய்க் கூட்டி வந்தார். மண்டபம் முகாமில் நோய் பார்த்து, தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் துண்டைக் கையில் கொடுத்து, கணக்கு எழுதி அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். இந்த நாட்டுக்குள் இத்தனை பதிவோடு நுழைந்த கூட்டம் வேறெதுவும் இருக்குமா என்பது சந்தேகம். இருந்தும் 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்ததும் இலட்சக்கணக்கானோர் ஒரே நாளில் நாடற்றவர்கள் ஆனார்கள். அதே ஆண்டில் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் வந்தது. மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையிலும் கள்ளக் குடியேற்றத்தைத் தடுக்கவென்றே இராணுவ அணி நிறுத்தப்பட்டது. கரையில் தேடியது தோணியை. ஆனால் பஸ்ஸிலும் கடையிலும் 'கள்ளத்தோணி' என்று கூப்பிடப்பட்டது இங்கேயே பிறந்து, மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தபோது 9,75,000 பேரை எண்ணி, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை இலட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். கடைசி நாடற்றவருக்கும் பிரஜாவுரிமை என்ற சட்டம் வர 2003 ஆகிவிட்டது.

இப்போது அந்த 'பர்மாக்காரர்' விடயம். 2024 டிசம்பரில் முள்ளிவாய்க்கால் கரையில் ஒதுங்கிய படகில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்யா மக்கள் இருந்தார்கள், அவர்களில் பலர் சிறுவர்கள். மியன்மாரில் 1982இல் கொண்டுவந்த பிரஜாவுரிமைச் சட்டம்தான் அவர்களை நாடற்றவர்களாக்கியது. எமக்கு 1948 எப்படியோ அவர்களுக்கு 1982 அப்படி. இங்கே ஆட்கடத்தல் என்ற பேச்சு எழுந்தது, விமானப்படை முகாமில் வைத்தார்கள், திருப்பி அனுப்பக்கூடாது என்று வடக்கிலும் கொழும்பிலும் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் இலங்கை இன்னும் கைச்சாத்திடவில்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் அவர்கள் அகதிகள் அல்லர், விசா இல்லாதவர்கள் மட்டுமே. கரையை அரசு காவல் காக்கக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பசியோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கியவர்களையும் எமது பிள்ளைகளைக் கெடுக்கும் தூளையும் ஒரே சொல்லால் அழைப்பது, முன்பு எம்மீது எறிந்த கல்லை எடுத்து நாம் இன்னொருவர்மீது எறிவதாகும். எமது ஆட்களும் தோணி ஏறாதவர்கள் அல்லர். 2022 நவம்பரில் இலங்கையர் 303 பேரோடு தத்தளித்த கப்பலை வியட்நாம் கடலில் மீட்டார்களே, அவர்களை அங்கே யாரும் விருந்தாளி என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

போதைப்பொருள் கடலால் வருகிறது என்பது பொய்யல்ல. ஈரான், பாகிஸ்தான் பக்கத்து மக்ரான் கரையிலிருந்து வரும் ஹெரோயினும் ஐஸும் நடுக்கடலில் பலநாள் மீன்பிடிப் படகுகளுக்கு மாறுகின்றன. கடற்படை பிடித்த செய்திகளைப் பத்திரிகையில் பார்க்கிறோம், அதைப் பாராட்டுகிறோம். கேரள கஞ்சா பாக்கு நீரிணையால் வருகிறது. ஆனால் படகு மட்டும்தான் வழியா? 2017 ஜூலையில் இரத்மலானையில் சதொச களஞ்சியத்துக்கு வந்த சீனிக் கொள்கலனைத் திறந்தபோது 200 கிலோவுக்கு மேல் கொக்கெயின் இருந்தது. அது கள்ளத்தோணியில் வரவில்லை. துறைமுகத்தால், கடதாசியோடு, சீனி என்ற பெயரில் வந்தது. 2019 பெப்ரவரியில் கொள்ளுப்பிட்டியில் ஒரு கடைத்தொகுதியின் கார் தரிப்பிடத்தில் 294 கிலோ ஹெரோயின் பிடிபட்டது. அவ்வளவையும் வாங்கி வைக்க எவ்வளவு முதல் வேண்டும் என்று எமது ஆட்கள் ஒருமுறை கணக்குப் பார்க்கட்டும். கொழுந்து பறித்து அந்தக் காசு சேராது, மீன் பிடித்தும் சேராது.

பொலிஸ் வருவது என்னவோ லயத்துக்குத்தான். 2023 டிசம்பர் 17இல் 'யுக்திய' என்ற பெயரில் நடவடிக்கை தொடங்கியது. சிங்களத்தில் அதற்கு நீதி என்று அர்த்தம். ஒரு மாதம் ஆவதற்குள் நாடெங்கும் கைதானோர் 20,000ஐத் தாண்டினர். 2024 ஜனவரியில் ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் இதை நிறுத்தி மீளாய்வு செய்யச் சொன்னார்கள். விடியற்காலையில் மோப்ப நாயோடு வந்து, பன்னிரண்டு காம்பிரா லயத்தில் ஒரு காம்பிராவையும் விடாமல் பெட்டி படுக்கையைக் கொட்டிப் பார்த்ததாக எமது தலைவர்மார் காரியாலயத்தில் முறையிட்டார்கள். பெரிய வியாபாரியின் பங்களாவுக்குள் இப்படி நுழைய நீதவானின் கட்டளை வேண்டும், சட்டத்தரணி வாசலில் நிற்பார். எமது காம்பிராவுக்குக் கதவே ஒழுங்காக இல்லை.

அப்படிப் பிடிபட்ட ஒரு பிள்ளையின் கதையைச் சொல்ல வேண்டும். தாயார் எமது அங்கத்தவர். பெயரும் தோட்டமும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

பையன் சாதாரண தரப் பரீட்சையோடு கொழும்புக்கு வேலைக்குப் போனான். பகலில் கடை, இரவில் லொறியில் சாமான் இறக்குவது. தூக்கம் வராமல் இருக்க யாரோ ஐஸ் பழக்கினார்கள். இரண்டு வருடத்தில் எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தான். முதலில் தம்பியின் போன் போனது, பிறகு கேஸ் சிலிண்டர், பிறகு தாயின் தோடு அடகுக் கடைக்குப் போனது. ஒரு நாள் தகப்பனை அடிக்கக் கை ஓங்கினான். அடுத்த நாள் காலையில் அந்தத் தாய் பெரட்டுக்குப் போகாமல், பொலிஸுக்குப் போய்த் தானே சொன்னார். வைத்தியத்துக்கு அனுப்புவார்கள் என்று நம்பிச் சொன்னார். அப்படித்தான் தனக்குச் சொல்லப்பட்டது என்கிறார். விடியவே வந்தார்கள். காற்சட்டைப் பையில் ஒரு சிறு பொட்டலம் இருந்தது. பையன் விளக்கமறியலுக்குப் போனான்.

இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை வரவில்லை என்று தவணை தவணையாகத் தள்ளிப்போனது. நான்கு மாதம். ஒவ்வொரு கிழமையும் மூன்று பஸ் மாறி, சோற்றுப் பார்சலோடு தாய் போய் வந்தார். பிணையில் வந்த பிள்ளையைப் பற்றி அவர் எம்மிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்: "போகும்போது ஐஸ் அடிக்கிறவனா போனான். வரும்போது யாரு எங்க விக்கிறாங்கன்னு தெரிஞ்சவனா வந்தான்."

அவர் சொன்னதில் வியப்பில்லை. நாட்டின் சிறைகளில் இருக்க வேண்டியதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலானோர் இருக்கிறார்கள். தண்டனை பெற்று உள்ளே போகிறவர்களில் பாதிக்கு மேல் போதைப்பொருள் வழக்குக்காரர். பாவிக்கிறவனையும் விற்கிறவனையும் ஒரே கூடத்தில் அடைத்தால் அது சிறை அல்ல, பயிற்சிக் கல்லூரி.

தண்டனை போதாது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1984இலிருந்து 2 கிராம் ஹெரோயினுக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று சட்டம் இருக்கிறது. 2 கிராம் என்பது தேக்கரண்டிச் சீனியில் ஏறக்குறையப் பாதி. 2022இல் ஐஸையும் சட்டத்தில் சேர்த்து 5 கிராம் என்றார்கள். கடைசியாக இந்த நாட்டில் தூக்குப் போட்டது 1976இல். 2019இல் அன்றைய ஜனாதிபதி நான்கு பேருக்கு மரண ஆணையில் கையெழுத்திட்டார், உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. தூக்குக் கயிறு சட்டப் புத்தகத்தில் தொங்கிக்கொண்டிருந்த இந்த நாற்பது வருடத்தில்தான் தூள் கொழும்புச் சேரியிலிருந்து மலை ஏறி எமது லயத்துக்கு வந்து சேர்ந்தது.

சிகிச்சை என்ற பெயரில் இருப்பதையும் பார்க்க வேண்டும். 2007இன் 54ஆம் இலக்கச் சட்டப்படி, அடிமையானவர் என்று சந்தேகிக்கப்படுபவரைப் பொலிஸ் நீதவான் முன் நிறுத்தி, வைத்திய அறிக்கை பெற்று, கட்டாய சிகிச்சைக்கு அனுப்பலாம். அந்தத் தாய் நினைத்தது இதைத்தான். ஆனால் கந்தக்காட்டில் இராணுவம் காவல் நின்றது. 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்ததையடுத்துக் கலவரம் வெடித்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினார்கள். வைத்தியசாலையிலிருந்து நோயாளர் இப்படி ஓடுவார்களா? அதே ஆண்டு கொண்டுவந்த புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. திருத்தி 2023 ஜனவரியில் நிறைவேற்றினார்கள்.

இந்த இடத்தில் சாராயத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் எமது பெண் அங்கத்தவர்கள் எம்மை மன்னிக்க மாட்டார்கள். தோட்டத்தை முதலில் கெடுத்தது ஐஸ் அல்ல, தவறணை. சம்பள நாளில் எங்கே கூட்டம் நிற்கும் என்று அனுமதிப் பத்திரம் கொடுக்கிறவர்களுக்கும் தெரியும். கலால் வரி திறைசேரிக்குப் போகிறது, அடி உதை வீட்டுக்கு வருகிறது. அந்தப் போதைக்கு அரசாங்கம் பற்றுச்சீட்டு கொடுக்கிறது, இந்தப் போதைக்கு விலங்கு போடுகிறது. இரண்டுக்கும் விலங்கு போடு என்று நாம் கேட்கவில்லை. இரண்டையும் சுகாதாரப் பிரச்சினையாகப் பார் என்கிறோம்.

அப்படிப் பார்த்த நாடு இருக்கிறது. போர்த்துக்கல் 2001இல் சட்டத்தை மாற்றியது. பத்து நாள் பாவனைக்கு உட்பட்ட அளவை வைத்திருப்பவர் அங்கே குற்றவாளியாவதில்லை. நீதிமன்றத்துக்குப் பதிலாக, சட்டம் தெரிந்தவரும் சுகாதாரத் துறையினரும் சமூக சேவையாளரும் இருக்கும் குழுவின் முன் போகிறார். விற்கிறவருக்கு அங்கேயும் சிறைதான். போர்த்துக்கல்லும் மலையகமும் ஒன்றல்ல என்பது எமக்குத் தெரியும். எமது தோட்ட டிஸ்பென்சரியில் பனடோலுக்கே தட்டுப்பாடு. ஆனாலும் தமிழில் பேசி ஆலோசனை சொல்லக்கூடிய ஒருவர் கிழமைக்கு ஒரு நாளாவது அந்த டிஸ்பென்சரிக்கு வருவதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை. சிறு அளவோடு முதல் தடவை பிடிபடும் பிள்ளையை விளக்கமறியலுக்கு அல்ல, வைத்தியரிடம் முதலில் அனுப்ப வேண்டும். பகுப்பாய்வு அறிக்கைக்கு ஒரு கால எல்லை வேண்டும், அதற்குள் வராவிட்டால் பிணை கிடைக்க வேண்டும். இந்தக் கோரிக்கைகளை மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும், கட்சி பார்க்காமல், எழுதி அனுப்பியிருக்கிறோம்.

கமிட்டியில் எல்லோரும் ஒத்துக்கொண்டதாக எழுதினால் அது பொய். லயத்தில் தூள் விற்கிறவனுக்கும் சங்கம் சட்டத்தரணி பிடித்துக் கொடுக்கப் போகிறதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. தன் பிள்ளைக்கு யார் விற்றான் என்று தெரிந்தும் அவனைத் தினமும் தேநீர்க் கடையில் பார்க்கிற தகப்பன்மார் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். விற்பவருக்குச் சங்கத்தின் உதவி கிடையாது, பாவனைக்காகப் பிடிபட்ட அங்கத்தவர் பிள்ளைகளுக்கு மட்டும் சந்தா நிதியிலிருந்து சட்டத்தரணி வைப்பது என்று வாக்கெடுப்பில் தீர்மானமானது. விற்பவன் யார், பாவிப்பவன் யார் என்ற கோடு பல நேரம் மெல்லியது. பாவிக்கக் காசுக்காகவே விற்கிறவனும் இருக்கிறான். அதை அந்தந்தத் தோட்டக் கமிட்டி, தாய்மாரையும் வைத்துக்கொண்டு பார்க்கும். பிழைகள் நடக்கலாம்.

கள்ளத்தோணி என்று பேசிய இளம் தலைவரும் தீர்மானத்துக்குக் கை உயர்த்தினார். முழு மனதோடா என்று நாம் கேட்கவில்லை.

அந்தப் பையனின் வழக்கு அடுத்த மாதம் மறுபடி தவணைக்கு வருகிறது. முந்திய தவணைகளில் தாய் நீதிமன்றத்திலிருந்து மத்தியானம் திரும்பி மலைக்குப் போனபோதும் அரைப் பேர்தான் போட்டார்கள், ஒரு நாள் அதுவும் இல்லை. தவணை நாட்களில் அவருக்கு விடுமுறை கொடுத்து, மாத வரவுக் கணக்கில் கை வைக்கக்கூடாது என்று தோட்ட முகாமைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.