கையுறை இல்லாத கைகள்

2015 டிசம்பர். வெள்ளம் வடிஞ்சதும் சென்னையில தெருத்தெருவா குப்பைமேடு. அள்ள யாரு வந்தது? வெளிமாவட்டத் துப்புரவுத் தொழிலாளிகளை வண்டியேற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். பலருக்குக் கையுறை இல்லை, பூட்ஸ் இல்லை. மலம், ஊசி, உடைஞ்ச டியூப்லைட் எல்லாம் ஒரே சேத்துல.

அபாயக் கழிவுக்கு 1989லிருந்து விதி இருக்கிறது. மருத்துவக் கழிவுக்கு 1998லிருந்து. பிரித்து வை, மூடி எடு, எரித்து அழி என்கிறது விதி. அள்ளுகிற கை ஏன் எப்போதும் நம்ம சாதிக் கை என்று எந்த விதியும் கேட்கவில்லை.

வெள்ளம் இல்லாத நாளிலும் இதே கதைதான். பாதாளச் சாக்கடையில் விஷவாயு தாக்கிச் செத்தால் 10 லட்சம் என்றது உச்சநீதிமன்றம், 2014ல். 2023ல் அதை 30 லட்சமாக்கியது. வங்கியில கணக்கெழுதுறவன் நான், சொல்றேன்: சாவுக்குத் தொகை ஏறியிருக்கு, குழிக்குள்ள இறங்குற சாதி மாறல.

'மகத்தான சேவை'ன்னு சால்வை போர்த்த வராதீங்க. எந்திரம் கொடு, நிரந்தர வேலை கொடு. இறங்கச் சொன்னவனைச் சிறைக்கு அனுப்பு. 2013 சட்டத்தில் அதுக்கும் இடம் இருக்கு.

தோழர்களே, அடுத்த வெள்ளம் வரும். அப்பவும் நம்ம கையைத்தான் தேடுவான். அந்தக் கை இந்த முறை குப்பையள்ள நீளக்கூடாது. கணக்குக் கேட்க நீளணும்.